அஸ்தூரியாஸ் கடலோரத்துல அஞ்சு ஊரு, எந்த ஊர்ல தங்குறது?

அக்கா குடும்பம் ஜூலை முதல் வாரம் துபாய்ல இருந்து இங்க மாட்ரிட் வருது, கூடவே அம்மாவும் வர்றாங்க. முதல்ல அவங்க கேட்டது பார்சிலோனா, அப்புறம் தெற்குப் பக்கம் பீச். நான் தான் இல்லக்கா, துபாய் வெயில்ல இருந்து கிளம்பி வந்து திரும்பவும் வெயில்லயே ஏன் நிக்கணும், வடக்க போவோம், மலையும் கடலும் ஒட்டி ஒட்டி இருக்கும், பச்சைப்பசேல்னு இருக்கும், ராத்திரி போர்வை போத்தித் தான் தூங்கணும்னு சொல்லி சம்மதிக்க வெச்சேன். சம்மதிச்ச மறுநாளே அத்தான் மெசேஜ், "சரி மாப்ள, எந்த ஊர்ல ரூம் போடணும், லிங்க் அனுப்பு." அங்க தான் எனக்கே குழப்பம் வந்துச்சு.

ஏன்னா அஸ்தூரியாஸ் கடலோரத்துக்கு நான் ஆறு வருஷத்துல நாலு தடவை போயிருக்கேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஊர்ல தங்கினேன், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதத்துல மனசுல நிக்குது. குடியேரோ, லுவார்க்கா, லாஸ்த்ரெஸ், ரிபாதெசெயா, யானெஸ். இந்த அஞ்சுல ஒண்ண எடுக்கணும்னா எதை வெச்சு எடுக்கிறதுன்னு ரெண்டு மூணு நாள் யோசிச்சேன், அதைத்தான் இங்க எழுதுறேன், இதே குழப்பத்துல இருக்கிற வேற யாருக்காச்சும் உதவும்.

முதல்ல இடத்தைப் பத்திக் கொஞ்சம். ஸ்பெயின் வடக்கு ஓரத்துல, மேற்க கலீசியா, கிழக்க காந்தாப்ரியா, நடுவுல இருக்கிறது அஸ்தூரியாஸ். முன்னாடி அட்லாண்டிக்கோட பிஸ்கே வளைகுடா, முதுகுப் பக்கம் முழுக்க மலை. நான் தூத்துக்குடிக்காரன், எங்க ஊர்ல கடற்கரைல நின்னு திரும்பிப் பாத்தா உப்பளம், பனை, அவ்வளவு தான், மலைன்னு ஒண்ணு கண்ணுல படாது. இங்க மணல்ல நின்னு திரும்பினா ஆயிரம் மீட்டருக்கு மேல இருக்கிற மலை நேரா முன்னாடி நிக்குது. அதுக்கும் பின்னாடி பிகோஸ் தே எவுரோபா, 2,600 மீட்டர் தாண்டின சுண்ணாம்புப் பாறைச் சிகரங்க, மே மாசம் கூட உச்சில பனி இருக்கும். தூரக் கடல்ல இருந்து திரும்பி வர்ற மாலுமிங்க கண்ணுக்கு முதல்ல தெரியுற ஐரோப்பா இது தான், அதான் அந்தப் பேருன்னு சொல்றாங்க.

மழையைப் பத்தியும் முன்னாடியே சொல்லிடணும். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை கதை தான் இங்கயும், ஈரக்காத்து கடல்ல இருந்து வந்து மலையில முட்டி இந்தப் பக்கமே கொட்டிட்டுப் போயிடும், மலைக்கு அந்தப் பக்கம் லெயோன் வறண்டு கிடக்கும், கேரளாவும் தேனியும் மாதிரி. ஜூலையில கூட ஒரு வாரம் தங்கினா ஒண்ணு ரெண்டு நாள் மேகமும் தூறலும் இருக்கும். அந்தப் பொடித் தூறலுக்கு அவங்க பாஷைல ஒர்பாயுன்னு தனிப் பேரே வெச்சிருக்காங்க, நனையுறதே தெரியாது, பத்து நிமிஷம் கழிச்சு சட்டையத் தொட்டாத் தான் தெரியும். வெயில் கட்டாயம் வேணும்னு நினைக்கிறவங்க இங்க வராம தெற்க போறதே நல்லது, மனசார சொல்றேன்.

சரி, குடியேரோல ஆரம்பிக்கிறேன், ஏன்னா அஸ்தூரியாஸ்னு தேடினா முதல்ல வர்ற போட்டோ அது தான்.

ஒரு சின்ன துறைமுகம், அதைச் சுத்தி மூணு பக்கமும் மலைச்சரிவு, அந்தச் சரிவு பூரா ஒண்ணு மேல ஒண்ணா கலர் கலரா வீடுங்க, கேலரில உக்காந்து எல்லாரும் கீழ துறைமுகத்தை வேடிக்கை பாக்குற மாதிரி. போட்டோவுல பாக்குறதை விட நேர்ல நல்லா இருக்கும், இதுல பொய்யே இல்ல. ஊர்க்காரங்களை பிஷுவேதோஸ்னு சொல்வாங்க, அவங்களுக்குன்னு தனிப் பேச்சு வழக்கு இருக்கு, ஜூன் 29 புனித பேதுரு திருநாள்ல அந்த வழக்குலயே, அந்த வருஷம் ஊர்ல நடந்ததையெல்லாம் பாட்டா சொல்ற சடங்கு ஒண்ணு நடக்கும், அமுராவேலான்னு பேரு. எனக்கு அங்க ரொம்பப் புடிச்சது என்னன்னா, குராதியோன்னு ஒண்ணு, சின்ன சுறா வகைய தோல உரிச்சு வீட்டு முன்னாடியே தொங்கவிட்டு காய வெப்பாங்க. கருவாடு தாங்க! இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு மீனவ ஊர்ல, வீட்டு வாசல்ல சுறாக் கருவாடு தொங்குறதைப் பாத்ததும் எனக்கு அப்படியே எங்க ஆச்சி வீட்டு முற்றம் ஞாபகம் வந்துருச்சு, ரொம்ப நேரம் அங்கயே நின்னுட்டேன்.

ஆனா தங்குறதுக்கு? நான் தங்கின வீடு துறைமுகத்துல இருந்து நூத்திச் சொச்சம் படி மேல. காலைல பால் வாங்க இறங்கணும், திரும்ப ஏறணும், எதையாச்சும் மறந்துட்டா மறுபடி இறங்கணும். எனக்கு அது சந்தோஷமா தான் இருந்துச்சு, ஆனா அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் வலி, அவங்களை அந்தப் படியில நினைச்சுப் பாக்கவே முடியல. ரயில் ஸ்டேஷன் மேல, ஊர் கீழ, கார்ல போனா துறைமுகத்து பார்க்கிங்ல விட்டுட்டு நடக்கணும், ஆகஸ்ட்ல அந்த பார்க்கிங்கும் நிறைஞ்சு போயிடும். அதோட ஊருக்குள்ள மணல் பீச் கிடையாது, குளிக்கணும்னா வண்டி எடுக்கணும். காலைல பதினொண்ணு மணியில இருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பஸ் பஸ்ஸா ஆள் வந்து இறங்குறாங்க. அதுக்கு அப்புறம் எல்லாரும் போன பின்னாடி, விளக்கு ஏத்தின நேரத்துல அந்த ஊர் வேற ஊரா மாறிடும். ஜோடியா போறவங்க, படி ஏறத் தெம்பு இருக்கிறவங்க ஒரு ராத்திரி தங்கலாம், ரெண்டு ராத்திரி கூட தங்கலாம். குடும்பமா ஒரு வாரம்னா வேண்டாம்.

அங்க இருந்து மேற்க முக்கால் மணி நேரத்துக்குள்ள லுவார்க்கா. இந்த ஊர் என்னோட சொந்த விருப்பம், அதனால இதுல நான் பாரபட்சமா தான் எழுதுவேன்.

வெள்ளை ஊருன்னு அதுக்குப் பேரு. குடியேரோ மாதிரி கலர் கிடையாது, வெள்ளைச் சுவர், கறுப்பு ஸ்லேட் ஓடு, நடுவுல ஒரு ஆறு வளைஞ்சு வளைஞ்சு ஓடி துறைமுகத்துல கலக்குது, அது மேல சின்னச் சின்னப் பாலம். மேல பாறை முனையில கலங்கரை விளக்கம், பக்கத்துல ஒரு சின்னக் கோவில், அதையொட்டி கல்லறைத் தோட்டம், வெள்ளைக் கல்லறைங்க படிப்படியா கடலைப் பாத்து இறங்குது. 1959ல மருத்துவத்துக்கு நோபல் பரிசு வாங்கின செவேரோ ஒச்சோவா, 1905ல இதே ஊர்ல பொறந்தவரு, ஆர்என்ஏ ஆராய்ச்சிக்கு தான் பரிசு, வாழ்க்கைல பெரும்பகுதி அமெரிக்காவுல இருந்தாரு, கடைசில மனைவி பக்கத்துல இங்க தான் அடக்கமாயிருக்காரு. அந்த இடத்துல நின்னு கடலைப் பாத்தா அவரு ஏன் இங்க திரும்பி வரணும்னு நினைச்சாருன்னு யாரும் சொல்லாமலேயே புரியும்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். மேல ஏறுற வழியில மெசா தே மரெயாந்தெஸ்னு ஒரு இடம் இருக்கு, பழைய காலத்து மீனவர் சங்கம் கூடுற இடம். கடல் மோசமா இருக்கிற நாள்ல இன்னிக்குப் போகலாமா வேண்டாமான்னு ஒரு பக்கம் வீட்டு பொம்மை, இன்னொரு பக்கம் படகு பொம்மை வெப்பாங்களாம். போகணும்னு நினைக்கிறவன் படகு பக்கம் போய் நிக்கணும், வேண்டாம்னு நினைக்கிறவன் வீட்டுப் பக்கம், எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அதுக்கு எல்லாரும் கட்டுப்படணும். கடலுக்குப் போற குடும்பத்துல வளர்ந்தவனுக்கு இது சும்மா சுற்றுலாக் கதை கிடையாது. எங்க தாத்தா காலத்துல வல்லம் தள்ளுறதா வேண்டாமான்னு விடியக்காலைல கரையில நின்னு பேசினதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன், அந்தப் பேச்சுக்கு இங்க ரெண்டு பொம்மை வெச்சிருக்காங்க, அவ்வளவு தான் வித்தியாசம்.

துறைமுகத்துல நடக்கிறது சமதளம், அம்மாவால முடியும். விலையும் கிழக்குப் பக்கத்து ஊர்களை விடக் குறைவு, கூட்டமும் குறைவு, சாயங்காலம் உள்ளூர்க்காரங்க தான் பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. குறைன்னா, எல்லாத்துக்கும் தூரம். பெரிய மலை, குகை, ஏரி எல்லாம் கிழக்குப் பக்கம் தான், லுவார்க்காவுல இருந்து அங்க போய் வர ஒரு நாள்ல நாலு மணி நேரம் கார்லயே போயிடும். அக்கா பையனுக்கு எட்டு வயசு, அவனுக்கு ரெண்டு நாள்ல "மாமா, அடுத்து என்ன"ன்னு ஆயிடும். தனியா புத்தகமும் கையுமா போறவங்க, வயசான தம்பதி, எதையும் ஓடி ஓடிப் பாக்கணும்னு அவசரம் இல்லாதவங்க கண்ணை மூடிட்டு இந்த ஊரை எடுங்க.

லாஸ்த்ரெஸ் கிழக்குப் பக்கம், அஸ்தூரியாஸ் தலைநகரான ஒவியேதோவுக்கும் ரிபாதெசெயாவுக்கும் நடுவுல. இதுவும் குடியேரோ மாதிரி சரிவுல தொங்குற ஊரு தான், ஆனா பெருசா பேரு வாங்காததால கூட்டம் அந்த அளவு இல்ல. மேல சான் ரோக்கேன்னு ஒரு கோவில் மேடு, அங்க இருந்து பாத்தா கீழ ஓட்டு வீடு, அதுக்கு அப்பால கடல், பின்னாடி சுவேவே மலை, 1,161 மீட்டர் உச்சி கடல்ல இருந்து அஞ்சாறு கிலோமீட்டர்ல. அந்த மலைல அஸ்துர்கோன்னு குட்டையா, ரோமம் அடர்ந்த மலைக்குதிரை இனம் ஒண்ணு மேயுது. இந்த ஊர் பசங்களுக்கு, ஏன்னா பக்கத்துல ஜுராசிக் மியூசியம் இருக்கு, 2004ல திறந்தது, கட்டடமே டைனோசரோட மூணு விரல் பாதத் தடம் மாதிரி கட்டியிருக்காங்க. பக்கத்து லா கிரியேகா பீச்ல பாறைல நிஜத் தடம் இருக்கு, ஒரு மீட்டருக்கும் மேல அகலம், அலை இறங்கின நேரம் போனா கையை உள்ள வெச்சுப் பாக்கலாம். அக்கா பையன் அதைப் பாத்தா வீட்டுக்கே வர மாட்டான். ஆனா தங்குறதுக்குன்னு பாத்தா இங்கயும் அதே படி, அதே ஏத்தம், கடைகளும் கம்மி. அரை நாள் போதும்.

அடுத்தது யானெஸ். எழுத்துல ரெண்டு எல் போட்டு ஆரம்பிக்கும், படிக்கும்போது யானெஸ் தான், ஸ்டேஷன்ல டிக்கெட் கேக்குறப்ப நான் முதல் தடவை லானெஸ்னு கேட்டு அந்தம்மாவுக்குப் புரியல. கொஞ்சம் பெரிய ஊரு தான், பழைய கோட்டைச் சுவர், கோபுரம், சர்ச், சந்து சந்தா ரெஸ்டாரண்ட், மழை பேஞ்சாலும் பொழுது போகும். துறைமுக அலைத்தடுப்புல இருக்கிற காங்கிரீட் கட்டைங்க மேல அகுஸ்தீன் இபர்ரோலான்ற ஓவியர் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காரு, நினைவுக் கட்டைகள்னு பேரு, சாம்பல் வானத்துக்கு முன்னாடி அந்த சிவப்பும் மஞ்சளும் நீலமும் அவ்வளவு அழகா இருக்கும். ஊரை ஒட்டி மேல சான் பெத்ரோ நடைபாதை, 1847ல போட்டது, பாறை விளிம்புல புல்தரை, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் குவேரா மலை.

பீச்சுன்னு எடுத்தா யானெஸை அடிக்க ஆள் இல்ல, சுத்தி முப்பதுக்கும் மேல இருக்கு. அதுல குல்பியூரியை மட்டும் விட்டுடாதீங்க. கடல் கண்ணுக்கே தெரியாது, புல்வெளி நடுவுல ஒரு குழி, குழிக்குள்ள மணல், மணல்ல அலை! சுண்ணாம்புப் பாறைக்கு அடியில குடைஞ்சு போன வழியா கடல் தண்ணி உள்ள வருது, நூறு மீட்டர் தள்ளி தான் நிஜக் கடல். அலை ஏறின நேரம் பாத்துப் போகணும், இறங்கின நேரம் போனா வெறும் மணல் தான், நான் முதல் தடவை அப்படித்தான் போய் ஏமாந்தேன். இந்தக் கடல்ல ஏத்த இறக்கம் பெரிய நாள்ல நாலு மீட்டர் கூட வரும், நம்ம பக்கம் மாதிரி கிடையாது, காலைல பாத்த பீச் சாயங்காலம் இருக்காது. போனதும் அலை நேர அட்டவணையை போன்ல ஏத்திக்கோங்க. அதே பாறை வகைல பிரியாங்கிற இடத்துல பாறை ஓட்டை வழியா கடல் சத்தம் போட்டு மேல பீய்ச்சும், கடல் கொந்தளிக்கிற நாள்ல தான் அது நடக்கும், அந்த நாள்ல தான் ஆபத்தும், கிட்டப் போகவே கூடாது, பசங்க கையை விடக்கூடாது. இன்னொரு தகவல், தொரிம்பியா பீச் போட்டோவுல அரைவட்டமா அருமையா இருக்கும், ஆனா அங்க உடை இல்லாம குளிக்கிற வழக்கம் ரொம்ப காலமா இருக்கு, குடும்பத்தோட போறவங்க தெரிஞ்சு போகணும்.

இந்தப் பக்கத்துல கார்ல போகும்போது ஒரு விஷயம் கவனிப்பீங்க, மாடு மேயுற கிராமத்துல திடீர்னு பெரிய பங்களா, வாசல்ல பனை மரம். இங்க இருந்து கியூபாவுக்கும் மெக்சிகோவுக்கும் பிழைக்கப் போய், சம்பாதிச்சுத் திரும்பினவங்க கட்டினது, அவங்களை இந்தியானோஸ்னு சொல்வாங்க. அங்க போய் வந்ததுக்கு அடையாளமா பனையை நட்டாங்களாம். கொலும்ப்ரெஸ்ல 1906ல கட்டின நீலக்கலர் பங்களா இப்ப அந்தப் புலம்பெயர்வு மியூசியமா இருக்கு. கூட்டமா கப்பல் ஏறிப் போன பசங்க போட்டோ, வீட்டுக்கு எழுதின கடிதம் எல்லாம் இருக்கு. எல்லாரும் பங்களா கட்டித் திரும்பல, நிறையப் பேரு திரும்பவே இல்ல, அதையும் சொல்லாம விடல. துபாய்ல பதினஞ்சு வருஷமா இருக்கிற எங்க அத்தானுக்கு இதைக் காட்டணும்னு ரொம்ப நாளா ஆசை, ஊர்ல அவரு கட்டின வீடு வருஷத்துல பதினோரு மாசம் பூட்டியே கிடக்கு.

யானெஸ்ல குறை, ஜூலை ஆகஸ்ட்ல விலையும் கூட்டமும். மாட்ரிட்காரங்களுக்கு வழக்கமான இடம், நல்ல வீடெல்லாம் முன்னாடியே போயிடும். ஊருக்குள்ள இருக்கிற பீச் சின்னது, நல்ல பீச்சுக்கெல்லாம் கார் எடுக்கணும், எடுத்தா பார்க்கிங் தேடணும். நாலைஞ்சு நண்பர்களா, தினம் ஒரு பீச்னு சுத்துறவங்களுக்கு இது சரியான ஊரு.

கடைசில ரிபாதெசெயா. அழகுப் போட்டி வெச்சா இது மூணாவதோ நாலாவதோ தான் வரும், அதை ஒத்துக்கிறேன். ஆனா செயா ஆறு மலையில இருந்து இறங்கி கடல்ல கலக்குற இடத்துல ஊரு, ஒரு கரைல பழைய ஊரும் துறைமுகமும், நடுவுல நீளப் பாலம், அந்தக் கரைல சாந்தா மரீனா பீச், ஒரு கிலோமீட்டருக்கு மேல நல்ல மணல், பின்னாடி முழுக்க சமதளமா நடைபாதை, பெஞ்சு, அதுக்குப் பின்னாடி அந்த இந்தியானோஸ் பங்களா வரிசை. ஒரு படி கூட ஏற வேண்டாம். அம்மா பெஞ்சுல உக்காந்தா முன்னாடி பேரன் பேத்தி மணல்ல விளையாடுறது தெரியும், இடது பக்கம் பாறை, வலது பக்கம் முகத்துவாரமும் மேட்டு மேல சின்னக் கோவிலும், திரும்பினா மலை. வேற என்ன வேணும் சொல்லுங்க.

அதோட இது நடு மையம். அரை மணி நேரத்துல யானெஸ், அரை மணி நேரத்துல லாஸ்த்ரெஸும் மியூசியமும், அரை மணி நேரத்துல காங்காஸ் தே ஓனிஸ், அங்க இருந்து கொவதோங்கா. 722ல மூர் முஸ்லிம் படையை எதிர்த்து அங்க நடந்ததா சொல்ற போர், குகைக்குள்ள மாதா, கீழ அருவி, மேல எனோல், எர்சினான்னு ரெண்டு ஏரி, சுத்தி மாடு மேயுது, கழுத்து மணி சத்தம் தான் கேக்கும். சீசன்ல சொந்தக் காரை ஏரி வரைக்கும் விட மாட்டாங்க, காங்காஸ்ல இருந்தே பஸ் இருக்கு, அதுவே நல்லது, ரோடு அவ்வளவு குறுகல். கொவதோங்கா மாதா திருநாள் செப்டம்பர் 8, நம்ம வேளாங்கண்ணி திருவிழா நாளும் அதே செப்டம்பர் 8 தான், அம்மா வருஷா வருஷம் வேளாங்கண்ணி போறவங்க, இதை போன்ல சொன்னப்போ "அப்போ கண்டிப்பா அங்க கூட்டிட்டுப் போயிடு"ன்னாங்க.

ஊருக்குள்ளயே தீத்தோ புஸ்தியோ குகை இருக்கு. 1968ல கொஞ்சம் இளவட்டப் பசங்க கயிறு கட்டி இறங்கிக் கண்டுபிடிச்சது, அவங்கள்ல ஒருத்தரு கொஞ்ச நாள்லயே மலையில விபத்துல இறந்துட்டாரு, அவரு பேரைத்தான் குகைக்கு வெச்சிருக்காங்க. உள்ள பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னாடி மனுஷன் வரைஞ்ச குதிரை, மான், ஒரு குதிரை ஊதாக் கலர்ல. 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. நகல் இல்ல, நிஜக் குகைக்குள்ளயே கூட்டிட்டுப் போறாங்க, டார்ச் வெளிச்சம் மெல்ல அந்தக் குதிரை மேல விழுந்தப்போ எங்க குழுவுல யாரும் மூச்சு விடல. கொஞ்சம் தள்ளி குவேவாஸ்னு ஒரு கிராமம், அதுக்குப் போற ரோடே ஒரு பெரிய குகை வழியா தான் போகுது, கார்லயே உள்ள போய் அந்தப் பக்கம் வெளிய வரலாம், அம்மா நடக்காமலே குகை பாத்த மாதிரி ஆச்சு.

அத்தானுக்கும் பசங்களுக்கும் செயா ஆத்துல கனூ. அர்ரியோந்தாஸ்ல படகும் லைஃப் ஜாக்கெட்டும் குடுத்து இறக்கி விடுவாங்க, ஆழம் அதிகம் கிடையாது, பாதி வழில போதும்னா கரை ஏறிக்கலாம், வேன்ல கூட்டிட்டு வந்துடுவாங்க. இதே ஆத்துல ஆகஸ்ட் ஆரம்பத்துல ஒரு சனிக்கிழமை உலகப் புகழ்பெற்ற கனூ போட்டி, அர்ரியோந்தாஸ்ல இருந்து ரிபாதெசெயா பாலம் வரைக்கும் 20 கிலோமீட்டர், ஆத்தோரமாவே ஒரு ரயில் போட்டியைத் துரத்திட்டு வரும். பாக்கணும்னு ஆசை இருந்தா அதுக்குன்னே போங்க, இல்லன்னா அந்த வார இறுதியில ரிபாதெசெயா பக்கமே போகாதீங்க, தெருவுல கால் வைக்க இடம் இருக்காது. ஜூலை முதல் வாரத்துல நமக்கு அந்தப் பிரச்சினை இல்ல.

போறது எப்படின்னா, மாட்ரிட்ல இருந்து ஒவியேதோவுக்கு ரயில். 2023 நவம்பர்ல பஹாரெஸ் மலைக்கு அடியில புது சுரங்கப் பாதை திறந்ததுல ஒரு மணி நேரத்துக்கு மேல மிச்சம், இப்ப மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல தான் ஆகுது. ஒவியேதோல கார் வாடகைக்கு. கடலோரமா ஒரு குட்டி ரயிலும் ஓடுது, நம்மூர் பழைய மீட்டர் கேஜ் தான், அதே ஒரு மீட்டர் அகலம், ஊர் ஊரா நின்னு யானெஸ் போக ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஆக்கும். அவசரம் இல்லாத ஒரு நாள் ரிபாதெசெயாவுல இருந்து யானெஸ் வரைக்கும் மட்டும் பசங்களோட அதுல போகலாம்னு இருக்கேன், ஜன்னல்ல ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் இடுக்கு இடுக்கா கடல். முழு ட்ரிப்பையும் அதை நம்பிப் போட்டா நாள் போயிடும், வண்டிங்க எண்ணிக்கை ரொம்பக் கம்மி.

சாப்பாடு அஞ்சு ஊர்லயும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், அதனால அதை வெச்சு ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்ல. அவங்க பெருமை ஃபபாதா, பெரிய வெள்ளை அவரைக்கொட்டைய பன்றி இறைச்சியோட வேக வெச்சது, பன்றி சாப்பிடாதவங்க அதே கொட்டைய மட்டியோட சமைச்சதைக் கேளுங்க. கப்ராலெஸ் சீஸ், மலைக் குகைல வெச்சு முத்த விடுறது, நெடி கடுமையா இருக்கும், எனக்கு மூணாவது தடவை தான் புடிச்சுது. கடைசில அரோஸ் கோன் லெச்சே, பால்ல அரிசியக் குழைய விட்டு மேல சர்க்கரையக் கருக்கினது, நம்ம பால் பாயசத்துக்கு அக்கா தங்கச்சி. சீத்ரா ஊத்துறதை குடிக்காதவங்களும் பாக்கணும், பாட்டிலைத் தலைக்கு மேல தூக்கி, கிளாஸைத் தொடைக்குக் கிட்ட வெச்சு, பாக்காமலே ஊத்துவாங்க, அந்த உயரத்துல இருந்து விழுந்தா தான் ஆப்பிள் மதுவுல நுரை எழும்பும், எழும்பினதும் ஒரே மடக்கு. 2024 டிசம்பர்ல இந்த சீத்ராப் பழக்கத்தையும் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. சுத்த சைவம்னா ஹோட்டலை நம்பாதீங்க, கஷ்டம், கிச்சன் உள்ள வீடா எடுத்துடுங்க.

ஆக அக்காவுக்கு நான் அனுப்பினது இது தான்: ரிபாதெசெயாவுல அஞ்சு ராத்திரி, பீச் பக்கத்துக் கரைல, கிச்சனோட வீடு, லிஃப்ட் இருக்கணும். அதுல ஒரு நாள் யானெஸ், கொலும்ப்ரெஸ், குல்பியூரி, ஒரு நாள் கொவதோங்கா, ஒரு அரை நாள் லாஸ்த்ரெஸும் டைனோசரும், மிச்சம் பீச்சும் ஆறும். கடைசி ரெண்டு ராத்திரி லுவார்க்கா, போற வழில குடியேரோல மதியச் சாப்பாடு, அம்மா துறைமுகத்துல உக்காரட்டும், நாங்க படி ஏறிட்டு வர்றோம். லுவார்க்கா ரெண்டு ராத்திரி என்னோட பிடிவாதம், அத்தான் எதுக்கு மாப்ள ஊர் மாத்தணும், ஒரே இடத்துல இருக்கலாமேன்னாரு, நான் விடல. குகைக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேருன்னு கணக்கு வெச்சுத் தான் விடுறாங்க, அதனால வீடு போடுறதுக்கு முன்னாடியே அந்த டிக்கெட்டைப் போட்டாச்சு. தண்ணி ஜூலையில கூட நல்லா ஜில்லுனு இருக்கும், பசங்களுக்கு முழுக்கை நீச்சல் டிரெஸ்ஸும் எல்லாருக்கும் மெல்லிசா ஒரு மழைக்கோட்டும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.

அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு தான், அங்க மீன் புதுசா கிடைக்குமான்னு. சூரைல ஒரு வகை, பொனித்தோன்னு சொல்வாங்க, ஜூன்ல இருந்து அதுக்கு சீசன்மா, துறைமுகத்துல காலைல இறங்கினது மதியம் கடையில இருக்கும்னேன். அப்போ புளியும் மிளகாத்தூளும் நான் எடுத்துட்டு வந்துடுறேன், சட்டி மட்டும் அந்த வீட்டுல இருக்கான்னு கேட்டு வைன்னாங்க.